கேளுங்கள், சொல்கிறோம்: மருந்து வேதியியல்

கேள்வி: ஒரு புரதத்தை மருந்து இலக்கு என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நோயாளியின் உடலில் அது அதிகமாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. அது கூடியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது கூடியதா என்பது தெரிந்தாக வேண்டும். இதற்கு மனித மரபணு தரும் சான்றையே நாங்கள் முதலில் கேட்போம். பிசிஎஸ்கே9 என்ற புரதம் நல்ல உதாரணம். ரத்தத்திலிருந்து எல்டிஎல் கொழுப்பை அள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அந்த ஏற்பிகளைச் சிதைவுக்கு அனுப்புவதுதான் இந்தப் புரதத்தின் வேலை. மரபணு மாற்றத்தால் இதன் வேகம் கூடிய குடும்பங்களில் கொழுப்பு எகிறுவது 2003-ல் தெரிந்தது. 2006-ல் வெளியான ஆய்வில் நேரெதிர் காட்சி: இந்த மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதமும், இதயத் தமனி நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்தன. 2015-ல் இந்தப் புரதத்தைத் தடுக்கும் அலிரோகுமாப், எவோலோகுமாப் என்ற இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகள் சந்தைக்கு வந்துவிட்டன.

ரத்த அளவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டார்செட்ராபிப் இருக்கிறது. சிஇடிபி என்ற புரதத்தைத் தடுத்து 'நல்ல கொழுப்பான' எச்டிஎல்-ஐ 72 சதவீதம் உயர்த்திக் காட்டிய மருந்து அது. சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்கள் பக்கம் இறப்பு கூடியது. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். ரத்த அழுத்தமும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் ஏறியது தனிக் கோளாறு.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் ஒரு கைனேஸ் நொதிக்கு (ஏடிபி-யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களில் சேர்ப்பது) எதிராக 40 சேர்மங்களைச் சோதித்தேன். மூன்றுக்கு ஐசி50 மதிப்பு (நொதியின் வேலையைப் பாதியாக்கும் செறிவு) 2 மைக்ரோமோலார் வந்தது. செல்களில் 50 மைக்ரோமோலார் போட்டும் அசைவே இல்லை. தவறு எங்கே?

பதில்: ஒன்று, நொதிச் சோதனை பொய் சொல்கிறது. அல்லது உண்மை சொன்னாலும் அந்த வீரியம் செல்லுக்குள் எடுபடவில்லை. முதல் சந்தேகத்தைத் தீர்க்காமல் செல் பக்கம் திரும்பாதீர்கள்.

நீரில் சரியாகக் கரையாத மூலக்கூறுகள் மைக்ரோமோலார் செறிவிலேயே திரண்டு கூழ்மத் துகள்களாகும். நொதி அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு முடங்கும். கருவியில் பார்த்தால் அச்சு அசலாகத் தடுப்பு போலவே இருக்கும். டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட்டை 0.01 சதவீதம் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். தடுப்பு காணாமல் போனால் அந்தச் சேர்மத்தைத் தலைமுழுகிவிடலாம். சோதனை நடக்கும் பஃபர் கரைசலில் ஏற்கெனவே டிடர்ஜென்ட் இருக்கிறது என்றால், நொதியைப் பத்து மடங்கு கூட்டிப் பாருங்கள். நொதிச் செறிவு ஐசி50-க்கு வெகு கீழே இருக்கும்வரை, உண்மையான தடுப்பானின் மதிப்பு பெரிதாக நகராது. திரள்பவற்றின் மதிப்பு ஏறிவிடும். ஹில் சரிவு (செறிவு கூடும்போது தடுப்பு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதன் அளவு) 1-ஐ ஒட்டாமல் 2, 3 என்று செங்குத்தாக இருந்தாலும் இதே சந்தேகம்தான்.

சேர்மத்தில் குயினோனோ கேட்டகாலோ (எளிதில் ஆக்சிஜனேற்ற மாற்றம் அடையும் தொகுதிகள்) இருக்கிறதா? பஃபரில் உள்ள டிடிடி (DTT) என்ற ஒடுக்கியோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, அதுவே நொதியைக் கெடுக்கும். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சேர்மத்தில் தங்கிய துத்தநாகம் போன்ற உலோக மிச்சமும் இப்படிப் பொய்த் தடுப்பைக் காட்டும். புதிதாகத் தயாரித்து, வேறு வழியில் சுத்திகரித்த மாதிரியிலும் அதே எண் வர வேண்டும். 40-க்கு 3 என்பதே எங்களுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தெரிகிறது.

இத்தனையும் தாண்டி நின்றால், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யின் கணக்குக்கு வாருங்கள். ஏடிபி இடத்திலேயே போட்டியிடும் தடுப்பான் என்று வைத்துக்கொள்வோம். நொதியின் கேஎம் (நொதி பாதி வேகத்தில் ஓடும் ஏடிபி செறிவு) 10 மைக்ரோமோலார், நீங்கள் போட்ட ஏடிபி-யும் 10 மைக்ரோமோலார் என்றால், ஐசி50 என்பது கேஐ-யின் (தடுப்பான் நொதியைப் பிடிக்கும் வலுவின் அளவு; ஏடிபி-யைப் பொறுத்து மாறாது) இரண்டு மடங்கு. அதாவது கேஐ 1 மைக்ரோமோலார். செல்லுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில் இருக்கிறது. 2 மில்லிமோலார், அதாவது 2,000 மைக்ரோமோலார் என்றால், ஏடிபி-யைக் கேஎம்-ஆல் வகுக்க 200. ஒன்றைக் கூட்டிக் கேஐ-யால் பெருக்கினால் எதிர்பார்க்க வேண்டிய ஐசி50 201 மைக்ரோமோலார். 50-ல் அசைவு இல்லாததில் ஆச்சரியம் ஏது? செல் சவ்வைக் கடக்காமை, வெளியேற்றும் பம்புகள், ஊடகத்தில் உள்ள சீரம் புரதங்களோடு ஒட்டுதல் ஆகியவை இதற்கு அப்புறம்தான். கைனேஸில் செல் வரை போக விரும்புபவர்கள் நொதியளவில் நானோமோலாருக்கு (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இறங்கியாக வேண்டும்.

கேள்வி: கே-ராஸ் புற்றுநோய்ப் புரதத்துக்கு மருந்து வர ஏன் இத்தனை காலம் ஆனது?

பதில்: 1982-லேயே தெரிந்த மரபணு. முதல் மருந்தான சோட்டோராசிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021 மே மாதம். ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறை இந்தப் புரதம் பிகோமோலார் பிடியில், அதாவது மிக இறுக்கமாக, வைத்திருக்கிறது. செல்லிலோ ஜிடிபி நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் அளவில் கிடக்கிறது. கைனேஸில் செய்வதுபோல அந்த இடத்துக்குப் போட்டி போட முடியாது. மற்றபடி மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது. பிடிமானத்துக்குப் பள்ளம் இல்லை.

2013-ல் வேதி உயிரியலாளர் கெவன் ஷோகாட்டின் ஆய்வகம் வழி காட்டியது. ஜி12சி மாற்றத்தில் 12-வது இடத்துக் கிளைசின் போய் சிஸ்டீன் வருகிறது. சிஸ்டீனின் கந்தகத்தோடு நிரந்தரமாகப் பிணையும் சிறு மூலக்கூறுத் துணுக்குகளைத் தேடியபோது, அதுவரை படிகப் படங்களில் தெரியாத ஒரு பள்ளம் சுவிட்ச்-2 பகுதியின் அடியில் திறந்தது. புரதம் ஓய்வு நிலையில் இருக்கும்போது மருந்து உள்ளே போய்ப் பூட்டிவிடுகிறது. கணையப் புற்றில் அதிகம் காணும் ஜி12டி-யில் சிஸ்டீன் கிடையாது, அஸ்பார்ட்டேட்தான். அதனால் இதே உத்தியை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது.

கேள்வி: மூலக்கூறில் ஒரே ஒரு சிறு தொகுதியை மாற்றுவதால் அப்படி என்ன ஆகிவிடும்?

பதில்: மருந்தே மாறிப்போகும். ரத்தப் புற்று மருந்தான இமாடினிப் உருவான சேர்மத் தொடரில் ஓர் அரோமாட்டிக் வளையத்தில் ஒரு மெத்தில் சேர்த்ததும், புரதக் கைனேஸ் சி மீதான வேலை நின்றது. வேண்டிய இலக்கான ஏபிஎல் கைனேஸ் மீதான வேலை நிலைத்தது. அந்த மெத்தில் மூலக்கூறின் திருகலையே மாற்றிவிட்டது.

இன்னொன்று ஒவ்வாமை மருந்து டெர்ஃபெனடின். கல்லீரலில் சிஒய்பி3ஏ4 நொதி இதிலுள்ள ஒரு மெத்திலைக் கார்பாக்சிலிக் அமிலமாக்கும். அப்படி வருவதுதான் ஃபெக்ஸோஃபெனடின். கீட்டோகொனசோல், எரித்ரோமைசின் போன்றவை அந்த நொதியைத் தடுத்துவிட்டால், மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி, இதயத்தின் எச்இஆர்ஜி பொட்டாசியம் வழியை அடைத்து, துடிப்பைக் குலைத்தது. 1990-களின் இறுதியில் விலக்கப்பட்ட டெர்ஃபெனடினின் இடத்தை, அதன் வளர்சிதைப் பொருளே பிடித்துக்கொண்டது.

கேள்வி: சேர்மங்களை டிஎம்எஸ்ஓ (DMSO) என்ற கரைப்பானில் கரைத்து எவ்வளவு நாள் வைக்கலாம்?

பதில்: சேர்மத்துக்குச் சேர்மம் மாறும். 10 மில்லிமோலாராகக் கரைத்து, ஒருமுறை எடுக்கும் அளவாகச் சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். உருக்கி உருக்கி உறைய வைப்பதுதான் பெரிய கேடு. டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் ஏறிய கரைசலில் சேர்மம் படிந்துவிடும். 10 என்று எழுதிய குப்பியில் பாதிகூட இருக்காது. பயன்படுத்துமுன் வெளிச்சத்தில் பிடித்து அடியில் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். படிப்படியாக நீர்க்கச் செய்வதை டிஎம்எஸ்ஓ-விலேயே முடித்துவிட்டுக் கடைசியில் பஃபருக்கு மாற்றுங்கள். சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும், சேர்மம் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழி உட்பட, டிஎம்எஸ்ஓ ஒரே அளவில், 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.