குக்கர் கைப்பிடி ஏன் உருகுவதில்லை?

கேள்வி: பிளாஸ்டிக் மக்கை அடுப்புப் பக்கம் வைத்தாலே நெளிந்துவிடுகிறது. குக்கர் கைப்பிடி வருடக்கணக்காக அடுப்பிலேயே கிடந்தும் உருகுவதில்லையே, ஏன்? இரண்டும் பிளாஸ்டிக்தானே?

பெயர்தான் ஒன்று. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடத் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

டிப்ளமோ முடித்ததும் மக், வாளி அடிக்கும் சின்ன மோல்டிங் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எதுவும் வீணாகாது. கோணலாக வந்த மக்கை கிரைண்டரில் நொறுக்கி, புதுக் குருணையோடு கலந்து மறுபடி மெஷினில் கொட்டுவோம். பக்கத்து ஷெட்டில் குக்கர் கைப்பிடி அடிப்பார்கள். அவர்கள் வாசலில் உடைந்த கைப்பிடிகள் குவிந்து கிடக்கும். சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு பை நிறைய அள்ளி வந்து கிரைண்டரில் கொட்டப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, இட்லியைப் பிசைஞ்சா மறுபடி மாவாயிடுமா?"

அன்று சாயந்திரம் அவரே பக்கத்து ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். எங்கள் மெஷினில் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும். அச்சைச் சுற்றித் தண்ணீர் ஓடும். ஆறி இறுகியதும் மக் விழும். அங்கே எல்லாம் தலைகீழ். அச்சுக்கே ஹீட்டர் வைத்திருந்தார்கள். கறுப்புப் பொடியைப் போட்டு 160, 170 டிகிரியில் அழுத்திப் பிடித்தார்கள். சூட்டில்தான் அது இறுகியது. கைப்பிடியை ஆறவிடாமல் சுடச்சுட வெளியே எடுத்தார்கள்.

காரணம் மூலக்கூறில் இருக்கிறது. மக் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். புரொப்பிலீன் ஒரு வாயு. அதன் மூலக்கூறில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு உண்டு. அதில் ஒன்று திறந்து அடுத்த மூலக்கூறைப் பிடிக்க, அது அதற்கடுத்ததைப் பிடிக்க, ஆயிரக்கணக்கில் கோத்து நீளச் சங்கிலியாகிறது. இந்தச் சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போட்டுக் கட்டவில்லை. சூடு ஏறினால் வழுக்கி நகரும். 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். அதற்கு வெகுமுன்பே விறைப்புப் போய் நெளிய ஆரம்பிக்கும்.

கைப்பிடி பேக்கலைட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட் 1907இல் பீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்துச் செய்தது. பீனால் வளையத்தில் ஃபார்மால்டிஹைடு வந்து ஒட்டிக்கொள்ள மூன்று இடங்கள் உண்டு. இரண்டே இடம் என்றால் சங்கிலியோடு நின்றிருக்கும். மூன்றாவதும் இருப்பதால் பக்கவாட்டிலும் மேலும் கீழும் முடிச்சு விழுந்து வலையாகிவிடுகிறது. ஷெட்டில் பார்த்த கறுப்புப் பொடி பாதி முடிச்சு விழுந்த ரெசின், அதாவது பிசின். கூடவே மரத்தூளும் கலந்திருப்பார்கள். மிச்ச முடிச்சு அச்சின் சூட்டில் விழுகிறது. அதன்பின் கைப்பிடி முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். நகர இடமில்லை, அதனால் உருகாது. நேராகத் தீயில் காட்டினால் பிணைப்பே அறுந்து கருகும், அப்போது ஓர் ஆஸ்பத்திரி நெடி வரும்.

முடிச்சே இல்லாவிட்டாலும் சங்கிலியின் வடிவம் குணத்தை மாற்றும். மளிகைக் கடையில் தந்துகொண்டிருந்த சரசரவென்று சத்தம் போடும் பையும், மெத்தென்ற பால் பாக்கெட்டும் பாலிஎத்திலீன்தான். முன்னதில் சங்கிலி நேரானது, நேரான விறகுக் கட்டு மாதிரி நெருக்கமாக அடங்கும். பின்னதில் கிளை அதிகம். கருவேல முள்ளைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. கைப்பிடி விரிசல் விட்டால் கம்பியைச் சூடுகாட்டி ஒட்டப் பார்க்காதீர்கள். வாளிக்கு அந்த வைத்தியம் பலிக்கும், இதற்குப் பலிக்காது. பாத்திரக் கடையில் கைப்பிடி மட்டும் தனியாகவே கிடைக்கும், குக்கர் மாடலைச் சொல்லி வாங்கி ஸ்குரூ போட்டுக்கொள்ளுங்கள்.