தொட்டியைச் சுற்றும் கறுப்புக் குட்டிப் பூச்சி: கேளுங்க, சொல்றேன்

மழை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்தப் பூச்சியைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதிக் கை வலிப்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் போட்டுவிடுகிறேன். என் வீட்டு ஹாலிலும் ஜன்னல் ஓரத்திலும் அறுபது தொட்டிக்கு மேல் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஐப்பசியில் இந்தப் பூச்சி என் காபி டம்ளரில் விழுந்து நீச்சலடித்தது. அன்றைக்குத் தொடங்கிய சண்டை இது.

அக்கா, மணி பிளான்ட் தொட்டியைத் தொட்டாலே கறுப்பா குட்டி குட்டியா பறக்குது. கொசுவா, பழ ஈயா? கடிக்குமா? (வேளச்சேரி)

கடிக்காது. இதன் பெயர் ஃபங்கஸ் நாட், பூஞ்சை ஈ என்றும் சொல்கிறார்கள். 2 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும், நீளக் கால், ஒல்லி உடம்பு. ஒழுங்காகப் பறக்கத் தெரியாது, மண்ணையொட்டித் தள்ளாடும். வாழைப்பழத்தைச் சுற்றுவது பழ ஈ. அது பழுப்பு நிறம், கண் சிவப்பு. பாத்ரூம் சுவரில் ரோமம் போர்த்திய இறக்கையோடு உட்கார்ந்திருப்பது சாக்கடை ஈ. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் முதலில் தொட்டியை லேசாகத் தட்டிப் பாருங்கள். மண்ணிலிருந்து கிளம்பினால் நம்ம ஆள்தான்.

வேப்பெண்ணெய் அடிச்சேன் மேடம். நாலு நாள் ஒண்ணுகூட இல்ல. அஞ்சாம் நாள் மறுபடி கூட்டமா வந்துடுச்சு. எண்ணெய் போலியா? (மதுரை)

எண்ணெய் மேல் பழி போடாதீங்க. நீங்கள் அடித்தது பறக்கிற பூச்சியை, குடும்பம் இருப்பது மண்ணுக்குள். ஒரு பெண் பூச்சி ஈர மண்ணில் நூற்றுக்கு மேல் முட்டை இடும். சில நாளில் புழு வரும்: கண்ணாடி மாதிரி வெள்ளை உடம்பு, பளபளவென்று கறுத்த தலை. அது மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருந்துகொண்டு பூஞ்சையையும் மட்கையும் தின்னும், கிடைத்தால் இளவேரையும் கடிக்கும். அப்புறம் கூட்டுப்புழு, அப்புறம்தான் இறக்கை. நம்ம ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறக்குறைய மூன்று வாரம். இறக்கை முளைத்த பிறகு ஆயுள் ஒரு வாரம், பத்து நாள்தான். நீங்கள் கொன்றதெல்லாம் எப்படியும் சாகப்போகிற கிழடுகள்!

வேப்பெண்ணெயை மண்ணுக்கு ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது கரைய இரண்டு சொட்டு திரவ சோப்பு. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் புழுவைத் தோலுரிக்க விடாமல் தடுக்கும், உடனே கொல்லாது. வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் ஊற்ற வேண்டும். இரண்டாவது வாரம் பூச்சி குறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

நான் முழுக்க இயற்கை முறைதான். தினமும் அரிசி கழுவின தண்ணி, வாரம் ஒருநாள் மோர், டீத்தூள், வாழைப்பழத் தோல். கெமிக்கல் தொட்டதே இல்லை. எனக்கு ஏன் வருது? (தாம்பரம்)

கோபித்துக்கொள்ள மாட்டீங்களே? நீங்கள் செடிக்குப் போடவில்லை, பூச்சிக்கு விருந்து வைக்கிறீங்க. கழுநீரில் மாவுச்சத்து, மோரில் புரதம், டீத்தூள் எப்போதும் ஈரம். மூன்றும் மண்மேல் பூஞ்சை வளர்க்கும், பூஞ்சைதான் புழுவுக்குச் சோறு. மாடித் தோட்டத்தில் வெயிலும் காற்றும் அதைக் காய வைத்துவிடும். அங்கே கழுநீர் நல்லதுதான், கத்தரிக்காய்க்கு நானே ஊற்றுகிறேன். ஹாலில் ஃபேன் காற்றைத் தவிர என்ன இருக்கிறது? வீட்டுக்குள் இருக்கும் செடிக்குச் சமையலறை மிச்சம் எதுவும் வேண்டாம். உரம் தேவையென்றால் நன்றாக மட்கிய மண்புழு உரம் ஒரு பிடி எடுத்து, மண்ணைக் கிளறி உள்ளே புதைத்து மூடுங்கள். மேலே தூவாதீங்க.

இதை மட்டும் மாற்றியே பாதிப் பேருக்குச் சரியாகியிருக்கிறது. மருந்து கேட்டு வருகிறவர்களிடம் "முதலில் என்ன ஊற்றுறீங்க?" என்றுதான் நான் கேட்பேன்.

எவ்வளவு காய விடணும்? பீஸ் லில்லி ஒருநாள் தண்ணி இல்லேன்னா தலையைத் தொங்கப் போட்டுடுது. (சேலம்)

விரலின் இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட் எல்லாம் முழுத் தொட்டியும் காயும்வரை தாங்கும். பீஸ் லில்லி மாதிரி நாசூக்கானவைக்கு அடியிலிருந்து கொடுங்கள். ஒரு பேசினில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்துத் தொட்டியை அரைமணி நேரம் உட்கார வைத்து எடுத்தால் வேர் குடித்துக்கொள்ளும், மேல்மண் காய்ந்தே இருக்கும். எடுத்தபின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிஜக் கொசு வந்து குடியேறும்.

நர்சரியில வாங்கின புதுச் செடியிலேயே இருந்துது. கோகோபீட்தான் காரணமா? (கோவை)

கோகோபீட் என்பது தேங்காய் நார்த்தூள். அது குற்றவாளி இல்லை, ஆனால் தன் எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஊறிக் கிடக்கும். நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் நாள் முழுக்க நனைத்தே வைத்திருப்பார்கள். புதுச் செடியை இரண்டு மூன்று வாரம் பால்கனியில் தனியாக வையுங்கள். கோகோபீட் கட்டியை நான் கொதிக்கிற தண்ணீரில்தான் ஊற வைப்பேன், ஆறியபின் ஒரு பங்கு மணல், கொஞ்சம் பெர்லைட் (பொரிந்த வெள்ளைக் கல் துகள்) சேர்ப்பேன். திறந்த உரமூட்டையை வாய் கட்டாமல் வைத்தாலும் அதற்குள்ளேயே முட்டையிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தலாமாங்க? யூடியூப்ல ஒண்ணுக்கு நாலு தண்ணின்னு சொன்னாங்க. (ஈரோடு)

அந்த வீடியோக்காரரின் பாட்டில் 3 சதவீதமாக இருக்கும். நம்ம மருந்துக் கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். லேபிளைப் பாருங்கள். 6 என்றால் ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். நுரைத்து, பட்ட புழுவைக் கொல்லும், பிறகு தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். மண்ணில் இருக்கும் நல்ல நுண்ணுயிரும் கூடவே போகும் என்பதால் எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. பூச்சி தாங்க முடியாமல் போனால் ஒருமுறை, இருமுறை ஊற்றலாம்.

'பி.டி.' பாக்கெட் வாங்கி ஊத்தினேன், ஒரு புழுகூட சாகலை. (திருச்சி)

பி.டி. என்பது 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்', புழுவைக் கொல்லும் பாக்டீரியா. அதில் வகைகள் உண்டு. பாக்கெட்டில் 'குர்ஸ்டாகி' என்று போட்டிருக்கிறதா? அது இலை தின்னும் கம்பளிப்புழு வகைக்கு. நமக்கு வேண்டியது 'இஸ்ரேலென்சிஸ்', சுருக்கமாக பி.டி.ஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாக்டீரியா அது. கொசுப்புழுவை அழிக்கத்தான் முக்கியமாக விற்கிறார்கள், கொசு மருந்து என்று கேட்டால்தான் கிடைக்கும். புழு அதைத் தின்றால் குடல் கிழிந்து சாகும், மனிதருக்கோ நாய் பூனைக்கோ ஒன்றும் ஆகாது. மண்ணில் சில நாள்தான் வேலை செய்யும் என்பதால் இதையும் வாரம் ஒருமுறை, லேபிளில் சொன்ன அளவில்.

அக்கா, நாங்க டொரன்டோவில். கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிருக்கு வீட்டுக்குள்ள எடுத்தாச்சு, இப்ப வீடு முழுக்க நுளம்பு மாதிரிப் பறக்குது. நெமடோட் விடச் சொல்லி ஒராள் சொன்னவர்.

குளிர்காலத்தில் கறிவேப்பிலை தூங்குகிற செடி, தண்ணீர் குடிக்காது. கோடையில் ஊற்றிய அளவே ஊற்றினால் மண் காயவே காயாது. முதலில் அதைப் பாதியாகக் குறையுங்கோ. நெமடோட் என்பது மண்ணில் வாழும் நுண்ணிய புழு, உங்களுக்கு நல்லாப் பொருந்தும். 'ஸ்டெய்னர்நீமா ஃபெல்டியே' என்று கேட்டு வாங்குங்கோ, 20 டிகிரி அறை அதற்குச் சொர்க்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு மண்ணுக்குள் நீந்திப் போய்ப் பூச்சியின் புழுவுக்குள் நுழைந்து கொல்லும். வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம், மாலையில், ஈர மண்ணில் ஊற்றுங்கோ. தபாலில் உறைந்து வந்தால் வீண்.

சென்னைக்காரர்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், நம்ம வெயிலுக்கு அது தாங்காது. வெப்பம் தாங்கும் இன்னொரு வகை 'ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா'. 1992இல் அதற்குப் பெயர் வைத்தார்கள், கிடைத்த இடம் நம்ம கோயம்புத்தூர்!

மஞ்சள் ஒட்டு அட்டை வெச்சேன். பூச்சியோட பல்லியும் மாட்டிக்கிச்சு. பாவமா இருக்கு, என்ன செய்ய? (காரைக்குடி)

இழுக்காதீங்க, தோல் கிழியும். சமையல் எண்ணெயைக் காதுக்குச்சியில் தொட்டு, ஒட்டிய இடமெல்லாம் தடவினால் கொஞ்ச நேரத்தில் தானே விடுபடும். இனிமேல் அட்டையைச் சுவரில் ஒட்டாமல் சின்னத் துண்டாக வெட்டி, குச்சியில் செருகி மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே நடுங்கள். அட்டை பூச்சியை ஒழிக்காது. எத்தனை விழுகிறது என்று கணக்குப் பார்க்கத்தான்.

புழு இருக்கிறதா என்று தெரிய உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் அடியில் மொய்த்திருக்கும். துண்டோடு குப்பையில் போட்டுவிடலாம்.

பட்டைப்பொடி, மஞ்சள்பொடி தூவலாமா? (விருதுநகர்)

குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் அரை அங்குலம் சலித்த ஆற்றுமணலை மேலே பரப்பினால் முட்டையிட ஈரமான இடம் கிடைக்காது.

நர்சரிக்காரர் குருணை மருந்து கொடுத்தார். துளசித் தொட்டியில போடலாமா? (தஞ்சாவூர்)

வேண்டவே வேண்டாம். வேர் உறிஞ்சி இலைக்குக் கொண்டுபோகும் விஷம் அது. அந்த இலையைத்தானே காலையில் வாயில் போடுவீங்க. பாக்கெட்டைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், முடிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

செடி செத்துடுமா அக்கா? (வேளச்சேரி, மறுபடியும்)

வளர்ந்த மணி பிளான்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. விதை போட்ட தட்டு, புதிதாக நட்ட தண்டு என்றால்தான் கவலை. அங்கே இளவேரைத் தின்பதோடு அழுகல் பூஞ்சையையும் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகும். நாற்றுத் தட்டு இருந்தால் இன்றைக்கே அந்தத் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீர் எப்போது ஊற்றினீங்க என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?