மின் இணைப்பு இல்லாத இடங்களில் தங்க, பழைய டிரக் கேம்பரை மேம்படுத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியில் சொல்லியிருப்பது இது: கையில் இருப்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி உட்காரவைக்கும் பழைய கேம்பர். கரண்ட், குழாய்த் தண்ணீர் எதுவும் இல்லாத இடத்தில் நாலைந்து நாள் தங்க வேண்டும். லித்தியம் பேட்டரியையும் சோலாரையும் முதலில் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

போடலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். முதலில் வண்டியோடு எடை மேடைக்குப் போய்விட்டு வாருங்கள்.

டேங்க் நிறைய எரிபொருள், தொட்டி நிறையத் தண்ணீர், கேஸ் சிலிண்டர், தட்டுமுட்டுச் சாமான், வழக்கமாகக் கூட வரும் ஆட்கள் எல்லாவற்றோடும், நிஜமாகவே ஊருக்குக் கிளம்பும் நிலையில் எடை போட வேண்டும். மொத்த எடையை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக எடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியும் ஒவ்வொரு ஆக்சிலும் எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். கேம்பர் வண்டிகளில் பின் ஆக்சில்தான் முதலில் எல்லையைத் தொடும். கேம்பரின் மேல் அச்சடித்திருக்கும் காலி எடையை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பின்னால் யார் யாரோ சேர்த்த ஏசி, பந்தல், அலமாரி எதுவும் அந்தக் கணக்கில் இருக்காது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் கூடுதலாக ஒன்றரை ஆளை ஏற்றிய கணக்கு.

பின்பக்கம் அமுங்கி நிற்கிறது என்று, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த பைகளை (ஏர் பேக்) போடுகிறவர்கள் உண்டு. வண்டி நிமிரும், வளைவில் ஆட்டமும் குறையும். ஆனால் ஆக்சிலும் டயரும் பிரேக்கும் தாங்கும் எடை அதனால் ஒரு கிலோகூட ஏறாது. டயரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை: பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வருடக்கணக்கில் கேம்பரைச் சுமந்துகொண்டே நிற்கும் டயர், ஓடாமலேயே முதுமை அடையும்.

எடையில் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பேட்டரிக்கு அவசரம் இல்லை. பழைய கேம்பரைக் கொல்வது ஒழுகல். பேட்டரி செத்தால் ஒரு ராத்திரி இருட்டில் கழியும், அவ்வளவுதான். கூரைக்குள் தண்ணீர் இறங்கினால் மரச் சட்டம் உளுத்து, நீங்கள் சோலார் பேனலைத் திருகப் போகும் இடமே இல்லாமல் போய்விடும்.

எங்கள் கேம்பரில் படுக்கைக்கு மேலே, முன்பக்க அடையாள விளக்கு ஒன்றின் திருகைக் கழற்றினேன். திருகோடு சேர்ந்து, ஊறிய தேயிலைத் தூள் மாதிரி ஈர மரத்தூள் வந்தது. உள்சுவரில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. வெளியே விளக்கின் விளிம்பில் நகம் நுழையாத ஒரு விரிசல், அவ்வளவுதான். அதனால் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு மூலையையும் ஜன்னல் ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அங்கே வேலை இருக்கிறது. மரத்தின் ஈரம் அளக்கும் சின்னக் கருவி கிடைக்கும். அதில் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மரம் உளுக்கத் தொடங்கும் நிலை.

கூரைமேல் ஏறி வென்ட் (காற்றுத் துவாரம்), ஏணிக் கால், ஆண்டெனா, கூரையும் சுவரும் சேரும் ஓரம் என்று எங்கெல்லாம் திருகு இறங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் சீலன்ட்டை, அதாவது இடுக்கை அடைக்கும் பசையைப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு முறை போதும், ஆனால் தவறாமல் பார்க்க வேண்டும். விளிம்புப் பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் நாடா, மேலே தானாகப் பரவிச் சமமாகும் வகைச் சீலன்ட். இதுதான் முறை. அந்தச் சீலன்ட்டைச் செங்குத்தான சுவரில் போட்டால் வழிந்து கீழே வந்துவிடும். அங்கே வழியாத வகையை வாங்குங்கள். கட்டடங்களுக்கு அடிக்கும் சிலிக்கோனைத் தயவுசெய்து பூசாதீர்கள். அது ரப்பர் கூரையில் சரியாகப் பிடிக்காது. பிற்பாடு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ரப்பர் கூரையைப் பெட்ரோலியம் கலந்த கிளீனரால் துடைப்பதும் கூடாது, ரப்பர் உப்பிக்கொள்ளும்.

ஓட்டை எங்கே என்று தெரியவில்லையா? எல்லா வென்ட்டையும் அடைத்துவிட்டு, ஒரு புளோயரால் உள்ளே காற்றை நிரப்பி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கேதான்.

வெளித் தண்ணீர் மட்டுமல்ல, உள்ளே உற்பத்தியாகும் தண்ணீரும் உண்டு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி வரும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரைக் குளிருக்குப் போட்டால் அவ்வளவும் மெத்தைக்கு அடியில்தான் போய்ச் சேரும். சமைக்கும்போதும் தூங்கும்போதும் வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வைப்பதும், மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட இடம் விடுவதும் செலவில்லாத மேம்பாடுகள்.

இப்போது கரண்ட். முதலில் தேவையைக் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சுமார் 500 வாட்-மணி இழுக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். விளக்கு, ஃபேன், போன், லேப்டாப், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்து 300 என்று வையுங்கள். ஆக 800. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும், அதில் பெரும்பகுதியைத் தைரியமாக எடுக்கலாம். அதே அளவு லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுசு குறையும். கூரையில் படுக்கையாகப் போட்ட 200 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் 700, 800 வாட்-மணி கொடுக்கும். மேகமூட்டமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே நீங்கள் சொல்லும் நாலைந்து நாளுக்கு 200 ஆம்பியர்-மணி பேட்டரியும் 300 வாட்டுக்குக் குறையாத பேனலும் இருந்தால் வசதி. ஏசியை பேட்டரியில் ஓட்டும் ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். அதற்கான பேட்டரிகளை ஏற்றினால் எடை மேடைச் சீட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

லித்தியத்தை நான் ஆதரிப்பதற்கு எடைதான் காரணம். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் ஏறக்குறைய 28 கிலோ, லித்தியம் 12 கிலோ சொச்சம். வண்டியின் பாரத்தைக் குறைக்கிற மேம்பாடு என்று வேறொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பழையதைக் கழற்றிவிட்டு இதை அப்படியே மாட்டிவிட முடியாது. உள்ளே இருக்கும் பழைய சார்ஜர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை வேண்டும். என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் டிரக்கின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக இழுத்தால், லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிப்போகலாம். நடுவில், இழுக்கும் கரண்ட்டை ஓர் அளவோடு நிறுத்தும் டிசி டு டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிர்ப் பிரதேசம் போவதாக இருந்தால், குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு பேட்டரிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அல்லது பேட்டரியை உள்ளே கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

வோல்ட் மீட்டரைப் பார்த்து லித்தியத்தில் மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பெரும்பாலான நேரம் 13.2 பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் ஒன்று போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நான் அதிகம் பயப்படுவது வயர் இணைப்புகளுக்குத்தான். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடினால் 12 வோல்ட் பக்கம் 170 ஆம்பியருக்கு மேல் பாயும். வயர் முனையில் மாட்டும் உலோக வளையம் (லக்) ஒன்று சரியாக அழுத்திப் பொருத்தப்படாமல், அங்கே ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட, 150 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 225 வாட் சூடு பிறக்கும். சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் செருகி வைத்தது போலத்தான். இன்வெர்ட்டரை அரைமணி ஓடவிட்டு, அணைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதைக் கழற்றி மறுபடி செய்யுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் வரும் மின்னோட்டத்தைச் சாதாரண ஃபியூஸால் அறுக்க முடியாமல் போகலாம், அதற்கு கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ். உண்மையில் மேலே கணக்குப் போட்ட பட்டியலுக்கு 2,000 வாட்டே தேவையில்லை. லேப்டாப்புக்கு 300 வாட் இன்வெர்ட்டர் தாராளம், சமையல் கேஸில் நடக்கட்டும்.

பேனலைக் கூரையோடு ஒட்டிவிடாமல் அடியில் காற்று போக இடைவெளி விடுங்கள். சூடு ஏற ஏற, டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். வென்ட் மூடியின் நிழல் விழாத இடமாகவும் பாருங்கள்.

கேஸ் விஷயம் சுருக்கமாக. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் அதன் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி, படுக்கைக்கு அருகில். இரண்டுக்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வருடம். பின்பக்கம் திருப்பித் தேதியைப் பாருங்கள். பழைய கேம்பரில் அது எப்போதோ காலாவதியாகி, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

தண்ணீர்த் தொட்டியை வாசனை சேர்க்காத பிளீச்சால் சுத்தம் செய்யுங்கள். 60 லிட்டருக்கு 60 மில்லி, எல்லாக் குழாயிலும் வாசம் வரும் வரை ஓடவிட்டு, நாலு மணி நேரமாவது ஊறவிட்டு, நன்றாக அலசிவிடுங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே ராத்திரியில் பம்ப் ஒரு முறை உறுமி நின்றால், எங்கோ சொட்டுகிறது என்று அர்த்தம். மறுபடி தூங்கிவிடாதீர்கள்.

கடைசியாக அதிர்வு. அலையலையாக மேடுபள்ளம் விழுந்த சரளைச் சாலையில் பத்து நிமிடம் போனால் எல்லாத் திருகுக்கும் உயிர் வந்துவிடும். கேம்பரை டிரக்கோடு இழுத்துப் பிடிக்கும் முறுக்குக் கம்பிகளை, கிளம்பி 50 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி இறுக்குங்கள். அடியில் ரப்பர் பாய் விரித்திருந்தால் நழுவல் குறையும். நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஸ்பேனரே எடுக்க வேண்டாம். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. பல கேம்பர்களின் பக்கவாட்டில் எடை மையத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அது பின் ஆக்சிலுக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போனால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். பேட்டரியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை வந்துவிடுகிறது: முன்பக்கம், கீழே.

பயணம் இல்லாத மாதங்களில் கேம்பரை இறக்கி வைப்பதாக இருந்தால், ஜாக் கால்களுக்கு அடியில் அகலமான பலகை போட்டு, முடிந்தவரை தாழ்வாக இறக்கி, அடிப்பாகத்துக்கும் முட்டுக் கொடுங்கள். தொட்டியைக் காலி செய்யுங்கள். பேட்டரியைப் பாதிச் சார்ஜில் விட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சோலார் கன்ட்ரோலரைப் பேட்டரியிலிருந்து பிரிப்பதற்கு முன் பேனல் வயரைப் பிரித்துவிடுங்கள், வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் போய்விடும்.