அந்த நாலு பேர் யார்?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டிக்கு என் தம்பி பொருளாளர். வசூல் பணத்தில் ஒரு பகுதியை யாரிடமும் சொல்லாமல் ஓர் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டான். கணக்குக் கேட்டால், "நாலு பேருக்கு நல்லதுன்னா எதுவும் தப்பில்ல" என்கிறான். இது பழமொழியா, குறளா? இதன் பொருள்தான் என்ன?
- ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: இது பழமொழியும் அன்று, குறளும் அன்று. 1987 தீபாவளிக்கு வெளிவந்த 'நாயகன்' படத்தின் வசனம். பம்பாயில் தாதாவாக வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையை ஒட்டி மணிரத்னம் இயக்கிய அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் பாலகுமாரன். கடத்தல் தொழிலில் இறங்கி, தாராவி மக்களுக்குக் காவலாக நிற்கும் வேலு நாயக்கரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது.

பழமொழி போல அது ஒலிப்பதற்குக் காரணம் 'நாலு பேர்' என்னும் சொல். நாலு காசு, நாலு எழுத்து என்பது போலவே இதுவும் எண்ணிக்கையைக் குறிப்பதன்று, ஊரைக் குறிப்பது. "நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டபோதெல்லாம் அந்த நாலு பேர் நம்மை எடைபோடும் சாட்சிகளாக இருந்தார்கள். வசனம் அவர்களைப் பயன் பெறுகிறவர்களாக மாற்றிவிட்டது. சாட்சி சொல்ல வேண்டியவரே பங்கு வாங்கிக்கொண்டபின் தப்பு என்று சொல்ல யார் மிஞ்சுவார்? இந்த இடமாற்றத்தில்தான் வசனத்தின் கவர்ச்சியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

"பொய்மையும் வாய்மை யிடத்த" என்ற குறளைத் தங்கள் தம்பி துணைக்கு அழைக்கக்கூடும். அடுத்து வரும் "புரைதீர்ந்த" என்ற சொல்லை அவருக்குக் காட்டுங்கள். குற்றமற்ற நன்மை விளைந்தால் மட்டுமே பொய்யும் மெய்யாகக் கொள்ளப்படும் என்ற அந்தச் சலுகை. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்று 656ஆம் குறள் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது.

படமும் அந்த வசனத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடவில்லை. தன்னை வளர்த்த ஹுசைன் பாயின் சாவுக்குக் காரணமான காவல் அதிகாரி கேல்கரை வேலு கொல்கிறார். பிறகு கேல்கர் வீட்டில் அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனைக் கண்டு, அக்குடும்பத்தைத் தாங்குகிறார். கடைசியில் அந்த மகன்தான் வேலுவைச் சுட்டுக் கொல்கிறான். அதற்குச் சற்று முன், "நீங்க நல்லவரா, கெட்டவரா?" என்று பேரன் கேட்கும்போது, தெரியவில்லை என்பதற்கு மேல் அவரிடம் விடை இல்லை.

தங்கள் தம்பி திருடவில்லை, உதவியிருக்கிறார். அவரைத் திருடன் என்று யாரும் பேசவிடாதீர்கள். ஆனால் அது ஊர்ப் பணம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கணக்கு நோட்டை அவரே விரித்துவைத்து, இன்ன தொகையை இன்ன காரணத்துக்குக் கொடுத்தேன் என்று படித்துக்காட்டட்டும். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கமிட்டி ஏற்றுக்கொண்டால் செலவாக எழுதலாம். ஏற்காவிட்டால், அண்ணன் என்ற முறையில் தாங்களும் ஒரு கை கொடுத்து அந்தத் தொகையைக் கட்டிவிடுங்கள்.