இரவு எட்டரை மணி அலாரம்

வணக்கம் மேடம்,

என் மகன் போய் எட்டு மாதம் ஆகிறது. 23 வயது. கல்லூரி இரண்டாம் வருடத்தில், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் குரல் கேட்கிறது என்றான். முதலில் கோயில் கோயிலாகத்தான் கூட்டிப்போனோம். ஒரு வருடம் அப்படியே போனது. அப்புறம்தான் மருத்துவரிடம் காட்டினோம். மனச்சிதைவு என்றார். மாத்திரை சாப்பிட்டபோது நன்றாக இருந்தான். தங்கைக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். சரியாகிவிட்டது என்று நினைத்து, எனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். ஒருநாள் உயிரை மாய்த்துக்கொண்டான். தலையணை உறைக்குள் மாத்திரைகள் அப்படியே கிடந்தன.

அவனுக்காக என் போனில் வைத்த எட்டரை மணி அலாரம் இன்னும் அடிக்கிறது. நிறுத்தக் கை வரவில்லை. "காலாகாலத்தில் கல்யாணம் பண்ணி வைத்திருந்தால் சரியாகியிருக்கும்" என்கிறார்கள் உறவினர்கள். வீட்டுக்காரர் என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. போன வாரம் மகள், "எனக்கும் அண்ணன் மாதிரி வந்துடுமாம்மா?" என்று கேட்டாள். வாயடைத்துப்போய் நின்றேன். இனி எதை நம்பி இருப்பது?

- ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள அம்மா,

முதலில் மகளின் கேள்வி. பொதுவாக இந்த நோய் 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம். பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. இதை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். எப்போதாவது குரல் கேட்டாலோ, காரணமில்லாத பயமும் சந்தேகமும் வந்தாலோ உடனே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம்.

கோயிலுக்குப் போன அந்த ஒரு வருடம் உங்களை அரிக்கிறது, தெரிகிறது. முன்பே சிகிச்சை தொடங்கியிருந்தால் நல்லதுதான். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று உங்களுக்கு அது நோய் என்றே தெரியாது. தெரிந்தபிறகு அலாரம் வைத்து மாத்திரை கொடுத்திருக்கிறீர்கள். தனக்கு நோய் இருப்பதையே உணரவிடாமல் செய்வது மனச்சிதைவின் குணம். விஷயம் தெரிந்த குடும்பங்களிலும் பிள்ளைகள் மாத்திரையை ஒளித்துவைக்கிறார்கள். கல்யாணம் இதற்கு மருந்தே கிடையாது. அப்படிச் சொல்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கணவரின் மௌனத்தைக் கோபம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாயைத் திறந்தால் உடைந்துவிடுவோமோ என்று பயப்படும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதுவும் கேட்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். மகன் பின்னாலேயே போய்விடலாம் என்று தோன்றுகிறதா? பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு வருவதுண்டு. வந்தால் தனியாக இருக்காதீர்கள், அந்த நிமிடமே 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை; 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

எதை நம்பி என்று கேட்டீர்கள். இப்போதைக்குப் பெரிதாக எதையும் நம்ப வேண்டாம், அம்மா. அலாரம் அடிக்கட்டும். இன்று இரவு அது அடிக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அண்ணன் ஸ்கூட்டி சொல்லிக்கொடுத்த கதையைக் கேளுங்கள். முதல் நாள் எங்கே விழுந்தாள், அவன் என்ன சொன்னான் என்று. அவன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.