டீசல் பம்ப் ஒழுகல்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (செங்கம்): அண்ணே, மாஸி 135 டிராக்டர், டிபிஏ ரோட்டரி பம்ப் (நாசிலுக்கு டீசல் அனுப்புற பம்ப்). ஆக்ஸிலேட்டர் லிவர் அடியில கசியுது. பம்பைக் கழட்டணுமா?

பதில்: வேண்டாம் தம்பி, லிவர் ஷாஃப்ட் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கு. டேங்க்கை அடைச்சுட்டு, பம்ப் மேலே டீசல் ஊத்தி பிரஷ் போட்டுக் கழுவு. மண் உள்ளே போனா, டீசல் அளவைக் கட்டுப்படுத்துற மீட்டரிங் வால்வு சிக்கும். மேல் மூடியோட ரெண்டு நட்டைக் கழட்டி மெதுவாத் தூக்கு. கவர்னர் (வேகத்தை நிலையா வைக்கிற அமைப்பு) ஸ்பிரிங் எந்த ஓட்டையில மாட்டியிருக்குன்னு போனில் படம் எடுத்துட்டு அவிழ். ஓட்டை மாறினா ஆர்பிஎம் நிலைக்காது. ஸ்டாப் லிவர் ரிங்கையும் சேர்த்தே மாத்து. ஷாஃப்ட் முனையில டேப் சுத்தி, கிரீஸ் தடவி ஏத்து. இல்லேன்னா அந்த விளிம்பே புது ரிங்கை வெட்டிடும். மூடியில ஷாஃப்ட் ஆடுதா? அப்போ துளை தேஞ்சிருக்கு, ரிங் நிக்காது, மூடியையே மாத்து.

கேஸ்கெட்டுக்கு சிலிகான் பேஸ்ட் கூடாது. பிசிர் உள்ளே போய் வால்வு சிக்கினா இன்ஜின் ரேஸாகி நிக்காது. அதனால முதல் ஸ்டார்ட்ல ஏர் கிளீனர் பைப்பைக் கழட்டிட்டு, ரேஸானா இன்ஜின் காத்து இழுக்கிற வாயை அடைக்கப் பலகை தயாரா வை.

கேள்வி (மன்னார்குடி): ரிங் மாத்தியாச்சு, ஸ்டார்ட் ஆகல.

பதில்: டீசல் லைன்ல ஏர் பிடிச்சிருக்கு. ஃபில்டர் ஸ்க்ரூ, பம்ப் ஸ்க்ரூ ரெண்டு, வரிசையா லூஸ் பண்ணி, நுரை வர்றது நிக்கிற வரை பிரைமர் (கையால டீசல் ஏத்துற லிவர்) அடி. அப்புறம் நாசில் நட்டை லூஸ் பண்ணி ஸ்டார்ட்டர் அடி. கசிவைக் கையால தடவிப் பார்க்காதே. பீச்சுற டீசல் தோலைத் துளைக்கும். காகித அட்டையைப் பிடிச்சுப் பார்.

கேள்வி (தாராபுரம்): வெளியே கசிவில்லை, இன்ஜின் ஆயில் மட்டம் ஏறுது.

பதில்: ஓட்டாதே. முதல்ல லிஃப்ட் பம்பை (டேங்க்ல இருந்து டீசல் இழுக்கிற சின்ன பம்ப்) கழட்டி லிவரை அடிச்சுப் பார். இன்ஜின் பக்கம் டீசல் சொட்டினா அதுக்குள்ள இருக்கிற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கு, செலவு கம்மி. இல்லேன்னா டீசல் பம்போட டிரைவ் ஷாஃப்ட் சீல் போயிருக்கு. ஃபிளாஞ்ச்ல டைமிங் கோடு போட்டுட்டுக் கழட்டி பம்ப் கடைக்குக் கொண்டு போ. ஆயிலையும் மாத்து.

கேள்வி (ஓமலூர்): புது டீசலாலதான் ரிங் சுருங்குதாமே? டீசல்ல 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊத்தலாமா?

பதில்: பாதி உண்மை. 2020 ஏப்ரல்ல இருந்து டீசல்ல கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு) தான். கந்தகம் எடுக்கும்போது அரோமாட்டிக்கும் (ரப்பரை உப்ப வைக்கிற சேர்மங்கள்) குறையும். அதுல ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் ரிங் சுருங்கும். விட்டான்ங்கிற ரப்பர்ல செஞ்ச ரிங் போடு. 2டி ஆயில் ரிங்கை உப்ப வைக்காது.

(ஓமலூர்): எங்க ஊர்ல எல்லாரும் ஊத்துறாங்க, சத்தம் குறையுது.

பதில்: குறையட்டும். நீ கேட்டது ஒழுகலைப் பத்தி. வழவழப்புக்கான மருந்தைக் எண்ணெய்க் கம்பெனியே டீசல்ல கலந்துதான் அனுப்புது.

கேள்வி (அரூர்): ஃபோர்டு, ஆக்ஸிலேட்டர் லிவர் அடியில கசியுது...

பதில்: முதல் பதில்.

கேள்வி (திட்டக்குடி): இன்லைன் பம்ப், டெலிவரி வால்வு ஹோல்டர் கசியுது. இறுக்கவா?

பதில்: டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) இல்லாம வேண்டாம். கூடுதலா இறுக்கினா பேரல் (உள் உருளை) நெளிஞ்சு, அதுக்குள்ள ஓடுற பிளஞ்சர் பிடிச்சுக்கும்.

கேள்வி (பவானி): எம்-சீல் அப்பிட்டா?

பதில்: கூடாது. சிலிகானும் கூடாது.