பிரித்தானியாவில் சிறு கம்பனி: கூடிய கட்டணம், புதிய விதிகள் - கேள்வி பதில்

கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் கட்டண உயர்வு, டிரெக்டர்களும் பெரும் பங்குதாரர்களும் தாங்கள் யார் என்று நிரூபிக்கும் அடையாள உறுதிப்பாடு பற்றிச் சிறு கம்பனிக்காரர்கள் கேட்டவற்றுக்கு, இந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: கம்பனி பதிய 12 பவுண் போதும் என்று தெரிந்தவர் சொன்னார். தளத்தில் 100 காட்டுது. ஏஜன்ட் ஒருவரின் தளத்துக்குள் போய்விட்டேனா?

இல்லை, அரச கட்டணமே அதுதான். இணையவழிப் பதிவு 2024 மே 1 அன்று 12 பவுணிலிருந்து 50 ஆனது. 2026 பெப்ரவரி 1 முதல் 100. கம்பனி விபரங்கள் சரி என்று வருடாந்தம் உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட்டும் அதே படிகளில் 13, 34, 50 என்று ஏறியது. முன்பு கொடுத்ததை வாங்கிப் பதிந்துவைத்த அலுவலகத்துக்கு, 2023 சட்டம் தகவலைக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அதிகாரம் கொடுத்தது. அந்தச் செலவு கட்டணத்தில் விழுகிறது. ஆனாலும் சிறு கம்பனியின் காசைத் தின்பது பெரும்பாலும் கட்டணமல்ல, தவறவிட்ட திகதிகள்தான்.

கேள்வி: எந்தத் திகதிகள்?

மார்ச் 31 உங்கள் ஆண்டு முடிவு என்றால், கணக்கு டிசம்பர் 31க்குள் கம்பனீஸ் ஹவுஸுக்குப் போக வேண்டும். கம்பனி இலாபத்துக்கான கோர்ப்பரேஷன் வரியை ஜனவரி 1க்குள் கட்டவேண்டும். வரிப் படிவத்துக்கு அடுத்த மார்ச் 31 வரை நேரமுண்டு. பணம் கட்டும் நாள் படிவத்துக்கு முன்பே வருவதுதான் பலரைத் தடுக்கி விழுத்துகிறது.

கணக்கைப் பதிவதற்குக் கட்டணமில்லை. பிந்தினால்தான் தண்டம்: ஒரு நாள் பிந்தினாலும் 150 பவுண், ஒரு மாதம் தாண்டினால் 375, மூன்று மாதம் தாண்டினால் 750, ஆறு மாதம் தாண்டினால் 1,500. அடுத்தடுத்து இரண்டு வருடம் பிந்தினால் இரட்டிப்பு. கடைசி நாளில் அனுப்பிய கணக்கு பிழை என்று திரும்பி வந்தால், திருத்தி அனுப்பும் நாளே கணக்கில் எடுக்கப்படும். அதனால் இரண்டு வாரமாவது முன்கூட்டி அனுப்புங்கள்.

முதல் வருடம் இன்னொரு சிக்கல். கம்பனி தொடங்கிய நாளிலிருந்து 21 மாதம் முதல் கணக்குக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு வரிக் காலம் 12 மாதத்தைத் தாண்ட முடியாது. அந்தக் கணக்கு 12 மாதத்தைச் சற்றுத் தாண்டினாலும் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு இரண்டு படிவம்.

கேள்வி: அடையாள உறுதிப்பாட்டுக்கு என் கடவுச்சீட்டை அரச ஆப் ஏற்கவில்லை. கணக்காளர் தான் செய்து தருவதாகச் சொல்லிக் காசு கேட்கிறார்.

முதலில் கடவுச்சீட்டின் மேலட்டையைப் பாருங்கள். சிப் உள்ள கடவுச்சீட்டில் செவ்வகத்துக்குள் ஒரு வட்டம்போல் சின்னம் இருக்கும். அது இல்லையென்றால் ஆப் வாசிக்காது, பத்துத் தடவை முயன்றாலும் பயனில்லை. பிரித்தானிய சாரதி அனுமதிப்பத்திரத்தால் செய்யுங்கள், தற்காலிக அனுமதிப்பத்திரமும் போதும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் இணையத்தில் விபரம் கொடுத்துவிட்டுத் தபால் அலுவலகத்தில் முடிக்கலாம். அரச வழி இலவசம். கணக்காளர் செய்வதும் சட்டபூர்வம்தான், ஆனால் அவர் அங்கீகரிக்கப்பட்ட சேவை வழங்குநராகப் பதிந்திருக்க வேண்டும்.

முடிந்ததும் 11 எழுத்துகளும் எண்களும் கொண்ட தனிக் குறியீடு வரும். அது ஆளுக்கு ஒன்று, எத்தனை கம்பனி இருந்தாலும் அதே. ஆனால் உறுதிப்படுத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அதை ஒவ்வொரு கம்பனியிலும் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 18க்கு முன்பே டிரெக்டராக இருந்தவர்கள், அதற்குப் பிறகு வரும் முதல் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட்டில் கொடுக்க வேண்டும். புதியவர்கள் நியமனத்துக்கு முன்பே உறுதிப்படுத்த வேண்டும்.

25 வீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் டிரெக்டர்கள், கம்பனியைக் கட்டுப்படுத்துபவர் என்ற தகுதியிலும் குறியீட்டைத் தனியாக இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்டேட்மென்ட் திகதியிலிருந்து 14 நாட்கள் அவகாசம். டிரெக்டராக இல்லாமல் அந்தளவு பங்கு மட்டும் வைத்திருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ வேறு கெடு: அவர் பிறந்த மாதத்தின் முதல் 14 நாட்கள்.

தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் எங்கள் ஆட்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் இருப்பது சாதாரணம். பெயரையும் பிறந்த திகதியையும் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள். கெடு நாளில் இதைக் கண்டுபிடித்தால் தலையிடி.

கேள்வி: தொழில் செய்யாத கம்பனி ஒன்று சும்மா கிடக்கிறது. பெயருக்காக வைத்திருக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வருடம் 50 பவுணும், செயலற்ற கம்பனிக் கணக்கும், அடையாள உறுதிப்பாடும் அதற்கும் உண்டு. இணையவழியில் மூடுவதற்கான கட்டணமோ 33 பவுணிலிருந்து 13 ஆகக் குறைந்துவிட்டது. அந்தப் பெயர் உண்மையில் தேவைப்படாவிட்டால் நான் மூடச் சொல்வேன்.

மூடுவதற்கு முன் மூன்று மாதம் வியாபாரம் செய்திருக்கக் கூடாது, பெயரும் மாற்றியிருக்கக் கூடாது. மூடுவதற்கான டிஎஸ்01 படிவம் அனுப்பிய 7 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் பிரதி போகவேண்டும். வரிப் படிவம் பாக்கியிருந்தால் எச்எம்ஆர்சி ஆட்சேபிக்கும், எல்லாம் நின்றுவிடும். வங்கிக் கணக்கில் உள்ளதை முதலே எடுத்துவிடுங்கள்; கம்பனி நீக்கப்பட்ட பிறகு மிச்சமிருக்கும் காசு முடிக்கு, அதாவது அரசுக்கு, போய்விடும்.

கேள்வி: தபால் பெட்டி எண்ணைப் பதிவு முகவரியாக வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

2024 மார்ச் 4 முதல் அது செல்லாது. கடிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கக்கூடிய முகவரி வேண்டும். முகவரி மாற்றம் இலவசம், உடனே செய்யுங்கள்.

கேள்வி: இதெல்லாம் வேண்டாம், கம்பனியை விட்டுத் தனியாளாகத் தொழில் செய்தால்?

கம்பனீஸ் ஹவுஸ் தொல்லை இல்லை. ஆனால் தொழில் வரவும் வாடகை வரவும் சேர்ந்து, செலவு கழிக்குமுன், 50,000 பவுணைத் தாண்டுபவர்கள் 2026 ஏப்ரல் 6 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாக எச்எம்ஆர்சிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். 2027இல் அந்த எல்லை 30,000, 2028இல் 20,000. தொழிலில் கடன் வந்தால் அது உங்கள் சொந்த வீடுவரை வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 50 பவுணை மிச்சம்பிடிக்க மட்டும் மாறுவது சரிவராது.